குடத்துக்குள் யார் பெயர் இருந்தது?

'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்திய ஊர் உத்திரமேரூர். அந்த முறைக்குக் குடவோலை என்று பெயர்.' போட்டித் தேர்வுக் கையேடு, பள்ளி வினாடி வினா, கட்சி மேடை என்று எங்கும் சுற்றிவரும் வரி இது. 2020 டிசம்பர் 10 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரின் உரையிலும் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர் இடம்பெற்றது. சின்னஞ்சிறு குறிப்புகளைத் தொகுத்து வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாக உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் வந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வந்தது. சுருங்கச் சொல்வதை ஒரு கலையாகவே பழகிய மொழி நம்முடையது. ஆகவே உத்திரமேரூர் வரி குட்டையாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அதை வெட்டிய இடம்தான் தப்பு. அந்தக் கல்வெட்டில் எது இன்றைக்கும் நமக்கு உறைக்க வேண்டுமோ அதைக் கழித்துவிட்டு, எது கேட்க இனிக்குமோ அதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றது 14ஆம் ஆண்டு, கி.பி. 921. இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. முதல் சாசனம் 30 வயதுக்கு மேல் 60க்குள் என்று வைத்த வரம்பை, இரண்டாவது 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைய வார்டுகள் போல என்று வைத்துக்கொள்ளலாம். தகுதியுள்ளவர்களின் பெயரை ஒவ்வொரு குடும்பிலும் தனித்தனி ஓலையில் எழுதி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை சேர்த்துக் கட்டிக் குடத்தில் இடவேண்டும். ஊரவையான பெருங்குறி மகாசபை சிறியவர் பெரியவர் அனைவரும் அறியக் கூட வேண்டும். அன்றைக்கு ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்த ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்பார். விவரம் அறியாத பாலகன் ஒருவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்த பிறகு, அவன் கையாலேயே ஓர் ஓலை எடுக்கப்படும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பது வரை விதி இருக்கிறது. கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா? அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக மறுபடி குடவோலை. பதவிக்காலம் 360 நாள்.

இதில் வாக்கு எங்கே இருக்கிறது? யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. நடந்தது சீட்டுக் குலுக்கல். 'தேர்தல்' என்ற சொல்லை அதன்மேல் ஒட்டும்போது, அந்த முறையின் தனிப்பட்ட அறிவு காணாமல் போகிறது. பேச்சுத்திறனோ பணமோ ஆள்பலமோ குடத்துக்குள் நுழைய முடியாது என்பதுதான் சீட்டின் சூட்சுமம். பழைய ஏதென்சில் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குச் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். சீட்டுப் போடுவது மக்களாட்சிக்குரியது, தேர்ந்தெடுப்பது சிலராட்சிக்குரியது என்ற எண்ணம் அரிஸ்டாட்டிலிடம் காணப்படுகிறது. வெனிஸ் நகரத்தில் 1268இல் வகுத்த தலைவர் தேர்வு முறையில் சீட்டும் வாக்கும் மாறி மாறி வரும். அங்கேயும் குடுவையிலிருந்து உருண்டைகளை எடுக்க ஒரு சிறுவனைத்தான் அமர்த்தினார்கள். உத்திரமேரூரின் பாலகனுக்கு ஏறத்தாழ 350 ஆண்டு இளைய தோழன் அவன். சூது தெரியாத கை வேண்டும் என்ற யோசனை, ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களுக்கும் தோன்றியிருக்கிறது. 'உலகின் முதல் தேர்தல்' என்று முரசு அறைவதைவிட இந்த ஒப்பீடு எனக்குச் சுவையாகப் படுகிறது. 'முதல்' என்பதும் நிற்காது. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சி அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே உவமையாக வந்துவிட்டது. சபை உறுப்பினருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டியதில், திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் உள்ள பாண்டியர் கல்வெட்டு உத்திரமேரூருக்கு மூத்தது.

அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. ஊரின் முழுப்பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். சொந்த மனையில் வீடு வேண்டும். மந்திர பிராமணம் ஓதியிருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்ல வல்லவனானால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை உண்டு. பெண்களுக்கு இடமில்லை. ஏரியில் மண் சுமந்தவர், வயலில் நாற்று நட்டவர், ஊருக்கு வெளியே சேரியில் இருந்தவர் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. சோழநாட்டில் வேளாண் ஊர்களுக்கு 'ஊர்' என்ற அவையும் வணிக ஊர்களுக்கு 'நகரம்' என்ற அவையும் இருந்தன. பிரமதேயங்களில் மட்டும்தான் 'சபை'. இவ்வளவு நுணுக்கமான தேர்வு விதிகள் நமக்குக் கிடைத்திருப்பது அந்தச் சபை ஒன்றிடமிருந்துதான். அதை எடுத்துச் சோழநாட்டின் எல்லாக் கிராமத்துக்கும் போர்த்துவது, ஒரு தெருவின் வழக்கத்தை ஊர் வழக்கம் என்று எழுதுவது போன்றது. இன்னொன்று, இது தானே முளைத்த ஏற்பாடு என்றும் சொல்ல முடியாது. இரண்டு சாசனங்களும் அரசனின் ஆணை வந்து, அவனுடைய அதிகாரி உடனிருக்க விதி செய்ததாகவே சொல்கின்றன. இரண்டாவது முறை வந்தவரின் பெயர் சோமாசிப்பெருமான்.

பின் எப்படி இது 'கிராமக் குடியரசு' ஆனது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியக் கிராமங்கள் சிறு குடியரசுகள் என்று 1830இல் குறிப்பு எழுதியவர் சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவர் மனத்தில் இருந்தது வடநாட்டுக் கிராமம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர் வெங்கய்யா உத்திரமேரூர்ச் சாசனங்களை ஆராய்ந்து தொல்லியல் துறை அறிக்கையில் எழுதினார். 1932இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அவற்றை விரிவாக ஆய்ந்தார். தன்னாட்சிக்கு இந்தியர் தகுதியற்றவர் என்று வெள்ளையர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கல்லில் வெட்டிய பதில் ஒன்று கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அன்றைக்கு அந்தப் பெருமிதம் ஒரு வேலை செய்தது. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் இந்தச் சித்திரத்தையே எடுத்துக்கொண்டு கடுமையாக மறுத்தார். அதே மாதத்தில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சி பற்றிய பிரிவு சேர்ந்தது. இன்றைய 40ஆவது பிரிவு அதுதான். 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கின. தமிழ்நாட்டில் 2016இல் பெண்களுக்கு அது பாதியானது. இவற்றின் வேரை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தேடுவோர், அந்தச் சுவர் யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களுக்காகத்தான் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பத்தாம் நூற்றாண்டை இருபத்தோராம் நூற்றாண்டின் தராசில் நிறுக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏதென்சிலும் பெண்களும் அடிமைகளும் வெளியில்தான் இருந்தார்கள். அதைச் சொல்லித்தான் ஏதென்சைப் பாடமாக்குகிறது உலகம். பராந்தகன் காலத்துச் சபையை நாமும் அதன் காலத்தில் வைத்தே மதிக்கலாம். ஆனால் 'மக்களாட்சி', 'தேர்தல்' என்ற இக்காலச் சொற்களை முதலில் அதன்மேல் போர்த்தியவர் யார்? தராசை நடுவில் கொண்டுவந்து வைத்தவரே நிறுக்கக் கூடாது என்பது சரியாகாது. இப்படிக் கிளறினால் தமிழரின் பெருமை குறையும் என்ற கவலையும் உண்டு. குறையும் என்று நான் நினைக்கவில்லை. பெருமைப்பட வேண்டியதைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு இத்தனையும் எப்படிச் சொல்வது என்று ஆசிரியர்கள் கேட்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அதற்குக் கட்டுரை வேண்டாம், இரண்டு வரி போதும்: உத்திரமேரூர் என்னும் பிராமணக் குடியிருப்பில், நிலமும் வீடும் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்களைக் குடத்திலிட்டுச் சீட்டெடுத்து ஓராண்டுக்கு வாரியம் அமைத்தார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் அதில் இடமில்லை. பழைய வரியைவிடப் பத்துப் பதினைந்து சொல் கூடுதல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாது என்று சொன்னால் பிள்ளையைக் குறைத்து மதிப்பதாகும்.

அந்த இரண்டாவது வரியில்தான் இந்தச் சாசனத்தின் உயிர் இருக்கிறது என்பேன். எந்த வாரியத்தில் இருந்தாலும் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அதோடு நிறுத்தவில்லை. அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், மனைவியின் உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முறை ஒவ்வொன்றாக எண்ணி விலக்கியிருக்கிறார்கள். பிறர் பொருளை அபகரித்தவனும் பொய்யோலை எழுதியவனும் தகுதியற்றவர்கள். கணக்கு எழுதுபவனுக்கும் விதி உண்டு. எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, அது சுத்தம் என்று ஆகும்வரை அவனுக்கு மறுபடி வேறு கணக்குக் கிடையாது. முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்தவன் திரும்ப வரமுடியாது. ஒருவன் செய்த தப்புக்கு மைத்துனனைத் தண்டிப்பது இன்று சட்டமாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் பதவி என்பது ஓர் ஆளிடம் நிற்பதில்லை, குடும்பத்துக்குள் சுற்றும் என்ற உலகியல் அறிவு அதில் தெரிகிறது. பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் அமர்ந்து கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போடும் ஊராட்சிகளைக் கண்ட நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தேர்தல் செலவுக் கணக்குத் தராத வேட்பாளரை மூன்றாண்டுக்குத் தகுதியிழக்கச் செய்கிறது. அது போட்டியிடச் செய்த செலவுக்கான கணக்கு. சாசனம் கேட்டது, பதவியில் இருந்தபோது கைக்கு வந்த ஊர்ப்பணத்தின் கணக்கு.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் ஏரிக்குப் போய்ச் சேர்கிறோம். வாரியங்களில் ஏரிக்கென்றே தனியாக ஒன்று இருந்ததை ஒற்றை வரி சொல்வதில்லை. உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வயிரமேக தடாகம் எனப்பட்டது. அதைத் தூர்வார அறக்கட்டளை வைத்த செய்தி பல்லவர் கால ஆவணங்களிலேயே உண்டு. ஏரிப் பாசனத்தையே பெரிதும் நம்பிய தொண்டை மண்டலத்தில் மழைநீரைத் தேக்கினால்தான் சோறு. தூர் எடுக்க வந்த பணத்தை எவனாவது விழுங்கினால் அடுத்த கோடையில் ஊரே வயலில் நின்று வானத்தைப் பார்க்கும். கணக்குக் காட்டாதவனின் அத்தை மகனைக்கூட விலக்கிய கடுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பதவிக்காலம் 360 நாள் என்று பார்த்தோம். நம் காலத்துக்கு வருவோம். தமிழகத்தில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்கள் வாக்களித்தபோது, மாவட்டப் பிரிப்பும் மறுவரையறையும் காரணமாகக் காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. அங்கே ஊரகத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். உத்திரமேரூர் பேரூராட்சியின் முறை வந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட காலம் முழுவதும் தனி அலுவலர்களின் நிர்வாகம். டெல்லியில் 2020 டிசம்பர் 10 அன்று குடவோலையின் புகழ் ஒலித்தபோது, உத்திரமேரூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வார்டு உறுப்பினர்கூட நான்கு ஆண்டுகளாக இல்லை.