மினிமம் டியூ என்னும் தூண்டில்

கிரெடிட் கார்டு பில்லில் மொத்த பாக்கிக்குப் பக்கத்திலேயே 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை சிரித்துக்கொண்டிருக்கும். அதை மட்டும் கட்டிவிட்டு, இந்த மாதம் தப்பித்தோம் என்று நினைப்பவர்தான் வங்கியின் செல்லப்பிள்ளை. மீதிப் பாக்கிக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. போதாக்குறைக்கு, அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் பறிபோகும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி அதிகம் என்பதற்காக நீதிமன்றம் வங்கிக் கடன் கணக்கைக் கிளறக் கூடாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு. ஆக, திருத்த வேண்டியது நாடாளுமன்றம்தான். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளைக் குறை சொல்ல மாட்டேன்: கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது, கணக்கை மூட ஏழு வேலை நாளுக்கு மேல் இழுத்தடித்தால் வங்கி நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும். ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. அமெரிக்காவின் 2009 கிரெடிட் கார்டு சட்டமும் வரம்பு வைக்கவில்லை, நிஜம்தான். ஆனால் மினிமம் மட்டும் கட்டினால் 'உங்கள்' பாக்கி தீர எத்தனை வருடமாகும் என்று ஒவ்வொருவர் பில்லிலும் கணக்குப் போட்டு அச்சிட வைத்தது. நம் பில்களில் பொதுவான ஓர் எச்சரிக்கை, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. முதலில் அந்த வருடக் கணக்கைத் தமிழில், கொட்டை எழுத்தில் போட ரிசர்வ் வங்கி சொல்லட்டும்.