குறைமாத குழந்தைக்கு ஆக்ஸிஜன் 99 காட்டினால் நர்ஸ் ஏன் ஓடி வருகிறார்?

கொரோனா காலம் நம் எல்லோருக்கும் ஒரு பழக்கத்தை விட்டுப் போயிருக்கிறது. விரலில் கிளிப்பை மாட்டி நம்பர் பார்ப்பது. 95-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 99 என்றால் இன்னும் நிம்மதி.

அதே கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பச்சிளம் குழந்தைகள் ஐசியு-வின் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அப்பாவுக்கு உள்ளே நடப்பது குழப்பமாகத்தான் இருக்கும். மானிட்டரில் 99 வருகிறது. அலாரம் அடிக்கிறது. நர்ஸ் வந்து ஆக்ஸிஜனைக் குறைக்கிறார். 'நல்லாத்தானே இருக்கு, ஏன் குறைக்கிறாங்க?'

குறைத்தே ஆக வேண்டும். ஏன் என்பதற்குப் பின்னால் 80 வருடக் கதை இருக்கிறது.

37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தைகளைத்தான் குறைமாத குழந்தைகள் என்கிறோம். 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1.34 கோடி குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில். உலகிலேயே அதிகம் நம் நாட்டில்தான்.

பிறந்த முதல் நிமிடத்தில் 60 தான் நார்மல்!

ஆமாம், தப்பாகப் படிக்கவில்லை. கருப்பையில் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. அங்கே ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவே 60% அளவில்தான் இருக்கும். வெளியே வந்து அழுது, நுரையீரலில் இருக்கும் திரவம் வெளியேறி, காற்று நிரம்பிய பிறகுதான் நம்பர் ஏறும். டாக்டர்கள் பின்பற்றும் கணக்குப்படி முதல் நிமிடத்தில் 60 முதல் 65, ஐந்தாவது நிமிடத்தில் 80 முதல் 85, பத்தாவது நிமிடத்தில் 85 முதல் 95 இருந்தால் போதும்.

சென்சாரை வலது கையில்தான் மாட்டுவார்கள். இதயத்திலிருந்து வலது கைக்கும் மூளைக்கும் போகும் ரத்தம் ஒரே இடத்திலிருந்து பிரிகிறது. காலில் மாட்டினால், பிறந்த புதிதில் இன்னும் மூடாமல் இருக்கும் ஒரு ரத்தக்குழாய் வழியாக ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் கலந்து நம்பர் கம்மியாகக் காட்டலாம். நமக்குத் தெரிய வேண்டியது மூளைக்கு என்ன போகிறது என்பதுதானே.

ஆனால் அந்த முதல் நிமிடத்தில் டாக்டர் முதலில் தேடுவது ஆக்ஸிஜன் நம்பரை அல்ல, இதயத் துடிப்பை. நிமிடத்துக்கு 100-க்கு கீழே இருந்தால் மாஸ்க் வைத்து காற்றை உள்ளே செலுத்துவார்கள். அந்தக் காற்று நுரையீரலுக்குள் சரியாகப் போயும் 60-க்கு கீழேயே இருந்தால் மார்பை அழுத்தும் சிகிச்சை. ஸ்டெதாஸ்கோப்பில் 6 விநாடி எண்ணி 10-ஆல் பெருக்குவதுதான் பழைய வழி. இன்றும் அதுதான் கைகொடுக்கிறது, ஏனென்றால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நம்பர் காட்டவே ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். இசிஜி அதைவிட வேகம். பிரச்சினை என்னவென்றால், 26, 27 வாரத்தில் பிறந்த குழந்தையின் தோல் அவ்வளவு மெல்லியது, ஒட்டியதை எடுக்கும்போது தோலும் சேர்ந்து உரியலாம்.

சரி, 99-ல் என்ன ஆபத்து?

1940-களில் அமெரிக்காவில் இன்குபேட்டர்கள் நவீனமாகின. குறைமாத குழந்தைகளுக்கு தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். 1942-ல் பாஸ்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, இந்தக் குழந்தைகளின் கண்ணுக்குள் ஒரு விசித்திரமான பாதிப்பைப் பதிவு செய்தார். அடுத்த பத்து வருடத்தில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்ததாகக் கணக்கு. பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர்.

காரணம் அதிகப்படியான ஆக்ஸிஜன் என்பது 1950-களின் நடுவில் உறுதியானது. குறைமாத குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. ஆக்ஸிஜன் அதிகமானால் வளர்ச்சி நின்றுவிடும், பிறகு தாறுமாறாக வளரும், கடைசியில் விழித்திரையையே பிய்த்துவிடும். இதுதான் ஆர்.ஓ.பி என்கிற பாதிப்பு.

உடனே ஆக்ஸிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வை இழப்பு குறைந்தது. ஆனால் குழந்தைகள் இறந்தார்கள். காப்பாற்றிய ஒவ்வொரு குழந்தையின் பார்வைக்கும் 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று 1973-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கென்னத் கிராஸ் கணக்குப் போட்டார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்க அன்றைக்கு எளிய கருவியே இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பான் பொறியாளர் தகுவோ அயோயாகி பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படையைக் கண்டுபிடித்ததே 1970-களில்தான்.

கருவி வந்தும் கேள்வி தீரவில்லை. 2010-ல் வெளியான 'சப்போர்ட்' ஆய்வில், 24 முதல் 27 வாரங்களில் பிறந்த 1,316 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இலக்கு 85–89%, இன்னொன்றுக்கு 91–95%. உயிர் பிழைத்தவர்களில் கடுமையான ஆர்.ஓ.பி, குறைவான இலக்கில் 8.6%, அதிக இலக்கில் 17.9%. கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் இறப்பு? குறைவான இலக்கில் 19.9%, அதிக இலக்கில் 16.2%. கண்ணா உயிரா என்ற அதே பழைய கேள்வி. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் சேர்ந்தபோது விடை அதிக இலக்கின் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் இன்று பல மருத்துவமனைகளில் 90-க்கும் 95-க்கும் நடுவில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: இந்த மேல் எல்லை, தனியாக ஆக்ஸிஜன் கொடுக்கப்படும் குழந்தைக்குத்தான். சாதாரணக் காற்றை சுவாசித்தே குழந்தை 99 காட்டினால் பயமே வேண்டாம், அது நல்ல செய்தி.

அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறதே?

பாதி நேரம் குழந்தை காலை உதறியதாலோ, சென்சார் நழுவியதாலோதான். ஆனால் மீதியை அலட்சியப்படுத்த முடியாது. குறைமாத குழந்தைகளுக்கு மூச்சை எடுக்கச் சொல்லும் மூளைப் பகுதியே முழுதாக முதிர்ந்திருக்காது. 20 விநாடி மூச்சு நின்றால் ஆக்ஸிஜன் இறங்கும், கூடவே துடிப்பும் இறங்கும். பெரும்பாலும் உள்ளங்காலை லேசாகத் தட்டினாலே மீண்டும் மூச்சு எடுத்துவிடும். மருந்து வேண்டுமென்றால் கொடுப்பது என்ன தெரியுமா? காஃபின். ஆமாம், நம்ம காபியில் இருக்கும் அதேதான், டாக்டர் அளந்து கொடுக்கும் டோஸில்.

வீட்டில் கிடக்கும் பெரியவர்களுக்கான விரல் கிளிப்பை, டிஸ்சார்ஜ் ஆகி வந்த குழந்தைக்கு மாட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்த அளவுக்கு அது செய்யப்பட்டதல்ல, காட்டும் நம்பரை நம்ப முடியாது.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்க வேண்டியது

1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆர்.ஓ.பி பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. குடும்பம் சட்டப் போராட்டம் நடத்தி, 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு 18 வயது.

இந்திய வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்கு, பிறந்து 30 நாட்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே. நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் அல்லது ஊசி மூலம் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பரிசோதனைத் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கிளம்புவதற்கு முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.