காலி எங்கயும் ஓடிப் போகாது, இந்த வருசம் தலைமன்னாருக்குப் போவோம்

யட்டியாந்தோட்டையில டூர் என்று யாராவது வாயெடுத்தா அடுத்த சொல் காலிதான். கோட்டை மதில்ல வரிசையா நின்னு போட்டோ, வெளிச்ச வீட்டுக்குக் கீழ ஒரு செல்ஃபி, ஐஸ்கிரீம், வேன்ல பாட்டு. தப்பே இல்ல. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த ஊர். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409 என்று தேதியிட்ட கல்வெட்டும் அங்கதான் கிடைச்சது. சீனம், பாரசீகத்தோட தமிழும் அதில இருக்கு (கல்லைப் பார்க்கணும்னா கொழும்பு மியூசியத்துக்குப் போகணும்).

எங்க கேள்வி வேற. நம்ம ஆட்களை இறக்கின துறையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

களனிவெலி தோட்டங்களுக்கு வந்த எல்லாருமே மன்னார்ல இறங்கி மாத்தளைக்கு நடந்தவங்க இல்ல. தூத்துக்குடியில கப்பலேறி, கொழும்புல இறங்கி, ராகம கேம்ப்ல அடைபட்டு வந்தவங்களும் உண்டு. ஆனா 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைஞ்ச பிறகு அதுதான் பெரிய வாசல். அதே வாசல் வழியாத்தான் திருப்பியும் அனுப்பினாங்க. 1948இல் பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரிச்சாங்க. ரெண்டே மாசத்துல புயல் தனுஷ்கோடியை அழிச்சது. அப்பவும் நிறுத்தல. தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் விட்டாங்க. மலையகத்துல இருந்து ஆட்களை ஏத்திப்போன ரயிலுக்கு நம்ம சனம் வச்ச பேரு ‘ஒப்பாரிக் கோச்சி’.

இதைச் சொன்னா ரெண்டு பதில் வருது. ஒண்ணு, “அங்க பார்க்க என்ன இருக்கு? வெயிலும் உடைஞ்ச இறங்குதுறையும்தானே?” ஒல்லாந்தர் கறுவா ஏத்தின துறை மரபுரிமை, நம்மளை ஏத்தி இறக்கின துறை மட்டும் பார்க்க ஒண்ணுமில்லாத இடமா? 2015இல் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு அந்தத் துறை வரைக்கும் ரயில் விட்டாங்க. நம்மில் எத்தனை பேர் அதுல ஏறினோம்?

இன்னொண்ணுதான் எங்களுக்குக் கோபம் வர்ற பதில். “கூலியா வந்த கதையைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டணும், வெட்கமா இல்லையா?” வெட்கப்பட வேண்டியது யாரு? ஆள் சேர்த்து, கடனைத் தலையில கட்டி, காட்டு வழியில சாகவிட்டவங்களா, நடந்து வந்தவங்களா? 2023இல், வந்து 200 வருசம் ஆச்சு என்று தலைமன்னார்ல தொடங்கி மாத்தளை வரைக்கும் நம்ம ஆட்கள் நடந்தாங்க. நாம அதுக்கு லைக் போட்டோம், ஷேர் பண்ணினோம். டிசம்பர்ல திரும்பவும் காலிக்கு வேன் பேசினோம்.

யட்டியாந்தோட்டை என்ற பேர்லயே துறை இருக்கு. சிங்களத்துல ‘தொட்ட’ன்னா துறைதான். களனி ஆத்துல படகு வந்து போன ஊர் இது. 1903இல் வந்த சின்ன ரயில்பாதையை 1942இல் பிடுங்கிட்டாங்க. பக்கத்துல உள்ள இந்தக் கதையே நமக்குச் சொல்லப்படல. அப்போ தலைமன்னாரை யாராவது வந்து சொல்லித் தருவாங்க என்று காத்திருக்கிறது வீண்.

இந்த டிசம்பருக்கு நாங்க வேன் பேசிட்டோம். சாமம் ரெண்டு மணிக்குக் கிளம்பினாத்தான் சரிவரும். தூரம் நிறைய, சாப்பாடு கட்டிக்கிட்டு வாங்க. முன் சீட்டு ரெண்டும் லயத்துல இருக்கிற அப்பாயி, அம்மாயிக்கு. அண்ணன் தம்பியை அந்தக் கோச்சியில ஏத்திவிட்டுட்டு, கப்பல் எந்தப் பக்கம் போச்சுன்னுகூடப் பார்க்காதவங்க அவங்க.