நெஞ்சு படபடத்தால் 2013ஐயும் கேளுங்கள்

மரக்காணம் உப்பளப் பக்கம் ஆய்வுக்காகப் போய்வரும்போது பேனிக் அட்டாக் என்ற பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நரம்புத் தளர்ச்சி என்பார்கள், கேஸ் என்பார்கள், காத்துக்கருப்பு என்பார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் அறிகுறிகள் மருத்துவப் பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது.

ஒருமுறை வந்ததாலேயே அது நோயாகிவிடாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, மறுபடி வருமோ என்ற பயம் ஒரு மாதமாவது நீடித்தாலோ, அதற்காகப் பஸ்ஸையும் கூட்டத்தையும் தவிர்க்க ஆரம்பித்தாலோதான் பேனிக் டிஸார்டர் என்கிறார்கள்.

அந்த 'எதிர்பாராமல்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கம் நடத்திய விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் போன அன்று, மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்தச் சாலையோரம் வாழும் ஒருவருக்கு ஹாரனும் கோஷமும் கேட்டதும் நெஞ்சு படபடத்தால் அதை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? பழைய அதிர்ச்சியைத் தொட்டு வரும் அட்டாக்கை மருத்துவர்கள் வேறு நோயாகவும் பார்க்கக்கூடும், சிகிச்சையும் மாறும். சாதி வன்முறையைப் பற்றிக் கேட்காத மருத்துவர் நோயின் பெயரையே தவறாக எழுதிவிடலாம்.

நம் தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. சாதி ஒழியாமல் மாத்திரை எதற்கு என்று கேட்கிறார்கள். சாதி ஒழியும்வரை ஒருவர் பஸ் ஏறாமல் இருக்க முடியுமா? பேச்சுச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் இது நன்றாகவே கட்டுப்படும். அதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். உப்பள வெயிலில் நீர் வற்றினாலும் படபடக்கும், ரத்தசோகையும் தைராய்டும் படபடக்க வைக்கும், மாரடைப்பாகவும் இருக்கலாம். நெஞ்சு வலி என்று வரும் கூலிப் பெண்ணை 'டென்ஷன்மா' என்று இ.சி.ஜி. எடுக்காமல் திருப்பி அனுப்புவது சிகிச்சையே இல்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சாதிப் பாகுபாடு இல்லாத, கட்டுப்படியாகும் செலவில், எட்டும் தூரத்தில் மனநலச் சேவையை உரிமையாக்குகிறது. 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம். ஆனால் உப்பு வாரும் பருவத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வா என்பது, அதுவும் பஸ்ஸுக்கே பயப்படுகிறவரிடம், எட்டும் தூரம் ஆகாது. மரக்காணத்துக்கே மனநல மருத்துவர் வர வேண்டும், அதுவும் அளத்து வேலை முடிந்த நேரத்தில்.