எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பிள்ளைக்கு வாசிப்பு சொல்லித் தரலாம்

1/ புதன்கிழமை, தடுப்பூசி நாள். அஞ்சு வயசு ஊசிக்கு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்த அம்மா கேட்டாங்க: "மேடம், இவனுக்கு இன்னும் அ, ஆ-வே ஒழுங்கா வரல. டியூஷன் போடவா? நான் நாலாவதுதான் படிச்சேன். தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வீடு வர ஏழு மணி ஆயிருது. நான் என்னத்த சொல்லிக்குடுக்க?"

2/ வெளியே நீண்ட வரிசை. "ஸ்கூல்ல பாத்துக்குவாங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது தப்பான பதில். அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லியிருக்க வேண்டியதை இப்போ எழுதுறேன். கோவில்பட்டி பக்கம் இதே கேள்வியோட நிறைய அம்மாக்கள் இருக்காங்க.

3/ வாசிப்பு காதுலதான் தொடங்குது. தமிழுக்கு இது ரொம்பவே பொருந்தும். கடலை, தங்கம், பகல் மூணுலயும் ஒரே 'க'. ஆனா ஒலி மூணும் வேற வேற. எந்த இடத்துல எப்படிச் சொல்லணும்னு எழுத்துல எழுதியிருக்காது. அந்தச் சொல்லை முன்னாடியே கேட்டுப் பழகின பிள்ளை சரியா வாசிச்சிரும். அதனால பிள்ளையோட பேசுற ஒவ்வொரு சொல்லும் வாசிப்புக்கான முதலீடு. இதுக்கு நாலாவதுகூட படிச்சிருக்க வேண்டாம்.

4/ தினமும் ராத்திரி 10 நிமிஷம் ஒரு கதை சொல்லுங்க. நடுவுல நிறுத்தி, "அப்புறம் என்ன ஆயிருக்கும்?"னு கேளுங்க. பிள்ளை தப்பா சொன்னாலும் சொல்ல விடுங்க. கதைக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லை. பக்கத்து இடைசெவல்ல பிறந்த கி.ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள், இந்தக் கரிசல் சனங்க வாய்மொழியா சொல்லிட்டு வந்தவைதான். வீட்ல தெலுங்கு பேசுறவங்க தெலுங்குலயே சொல்லலாம். எந்த மொழியில கதை கேட்டாலும் பிள்ளைக்கு லாபம்தான்.

5/ சமைக்கும்போது ஒரு விளையாட்டு: "'ம'ல ஆரம்பிக்கிற மூணு சொல் சொல்லு." இல்லைன்னா "பட்டு, தட்டு... அடுத்து?" சொல்லுக்குள்ள இருக்கிற ஒலியைப் பிரிச்சுக் கேக்குற பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடும்.

6/ 247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காதீங்க. பிள்ளையோட பேர்ல இருந்து தொடங்குங்க. அப்புறம் கடலை மிட்டாய் கவர், ரேஷன் கடை போர்டு, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் பஸ் போர்டு. விரல் வச்சுக் காட்டி, "இதுல உன் பேர்ல உள்ள எழுத்து எங்க இருக்கு?"னு கேளுங்க. மூணு வயசுல பென்சிலைத் திணிச்சு அடிச்சு எழுத வைக்கிறது வேண்டவே வேண்டாம்.

7/ புத்தகமும் வேணும். வீட்ல "போறேன்"னு பேசுறோம், புத்தகத்துல "போகிறேன்"னு இருக்கு. பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னைக்குத்தான் பிள்ளை அந்தத் தமிழை முதல்தடவை கேக்கணுமா? அக்காவோ தாத்தாவோ ஒரு பக்கம் சத்தமா வாசிக்கட்டும். வாசிக்கிறவங்க யாருமே வீட்ல இல்லையா? படத்தைப் பாத்து நீங்களே கதை சொல்லுங்க.

8/ போன்? வேலைக்குப் போற அம்மாக்களைத் திட்ட நான் வரல. ஆனா போன் பேசிக்கிட்டே இருக்கும், பிள்ளை சொல்ற பதிலைக் காதுல வாங்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயசு ஆகுற வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

9/ எப்போ டாக்டரைப் பாக்கணும்? கூப்பிட்டா திரும்பலைன்னா, 2 வயசாகியும் ரெண்டு சொல் சேர்த்துப் பேசலைன்னா, பேசிட்டு இருந்த பிள்ளை பேச்சை நிறுத்திட்டா, தாமதிக்காம அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. காது கேக்குதான்னு முதல்ல பாக்கணும். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"னு காத்திருக்காதீங்க. அஞ்சு வயசுல எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினா மட்டும் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தானா சரியாகும்.

10/ கடைசியா, எங்களைப் போன்ற டாக்டர்களுக்கு. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டம் ஒண்ணாம் வகுப்புல இருந்துதான் பிள்ளையைப் பிடிக்குது. அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பாக்குறது நாமதான். அமெரிக்காவுல பாஸ்டன் நகர மருத்துவமனையில 1989-லயே, செக்கப்புக்கு வர்ற குழந்தைக்கு டாக்டர் கையால ஒரு புத்தகம் கொடுத்து, எப்படி வாசிச்சுக் காட்டணும்னு சொல்ற பழக்கத்தைத் தொடங்கிட்டாங்க. நமக்கு புதன்கிழமை இருக்கு. ஊசி போட்ட பிறகு பிள்ளையை அரை மணி நேரம் உக்கார வைக்கிறோம். அந்த பெஞ்சுல நாலு படப் புத்தகம் கிடந்தா என்ன செலவாகிடும்?

11/ எடை கேக்குறோம், பால் குடிக்குதான்னு கேக்குறோம். இனி நான் இன்னொரு கேள்வியும் கேக்கப் போறேன்: "நேத்து ராத்திரி பிள்ளைக்கு என்ன கதை சொன்னீங்க?"

அந்த அம்மாவை மறுபடி பாப்பேனான்னு தெரியல. உங்க தெருவுல தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற ஒரு அம்மா இருந்தா, இதை வாசிச்சுக் காட்டுங்க.