மணப்பந்தலுக்கு ஐந்து ரூபாய் வரி

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் கல்யாணம். நடக்கும் இடம் சரித்திரப் புகழ் பெற்ற அரண்மனை ஓட்டலாக இருக்க வேண்டும். பெரும் பணக்காரர்களிடையே இன்று இது வழக்கமாகிவிட்டது. அவர்கள் தேடிப்போகும் ஊர்களில் ஒன்று ராஜஸ்தானத்து உதயப்பூர். 2018 டிசம்பரில் முகேஷ் அம்பானி தம் மகளின் திருமணத்துக்கு முந்திய கொண்டாட்டங்களை அங்கேதான் நடத்தினார். பாடுவதற்கு அமெரிக்காவிலிருந்து பியான்சே வந்தார்.

அங்கே பிச்சோலா ஏரியின் நடுவில் வெள்ளைச் சலவைக்கல் மாளிகை ஒன்று நிற்கிறது. மேவார் மன்னர் இரண்டாம் ஜகத் சிங் 1740களில் கட்டியது. அவர் வம்சத்தார் 1963ல் அதை ஓட்டலாக்கினார்கள். 1971ல் தாஜ் ஓட்டல் நிர்வாகம் அதை ஏற்றது. (மன்னர்களுக்குச் சர்க்கார் கொடுத்து வந்த மானியம் ஒழிந்ததும் அதே ஆண்டுதான்!) படகில் வந்து இறங்கும் மணமக்களுக்கு அறையும் சாப்பாடும் மட்டுமா விற்கிறார்கள்? சரித்திரத்தையும் சேர்த்து விற்கிறார்கள். எந்தச் சரித்திரத்தை?

உதயப்பூரைத் தலைநகராகக் கொண்ட அதே மேவார் சமஸ்தானத்தில் பிஜோலியா என்றொரு ஜாகீர் இருந்தது. உழுதவன் விளைச்சலில் பெரும் பங்கை அளந்துவிட வேண்டும். அது போக 84 வகை வரிகள் இருந்தன என்கிறார்கள். வெட்டி வேலை தனி. இவ்வளவும் போதாதென்று 1903ல் ஜாகீர்தார் ராவ் கிருஷ்ண சிங் புதிதாக ஒன்று விதித்தார். தன் மகளுக்குக் கல்யாணம் செய்யும் ஒவ்வொரு விவசாயியும் ஐந்து ரூபாய் கட்ட வேண்டும்! சன்வரி என்று அதற்குப் பெயர். மணப்பந்தல் என்று பொருள். அந்நாளில் ஏழை விவசாயிக்கு ஐந்து ரூபாய் சின்னத் தொகையல்ல.

விவசாயிகள் என்ன செய்தார்கள்? கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்கள். வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஊர் வாய்க்கு அஞ்சாமல் நிற்பது எத்தனை கஷ்டம் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். அதையும் தாங்கினார்கள். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அண்டைச் சமஸ்தானத்துக்குக் குடிபெயரவும் துணிந்தார்கள். கடைசியில் ஜாகீர்தார் இறங்கி வந்தார், வரி போயிற்று. ஆனால் 1906ல் பட்டத்துக்கு வந்த அடுத்தவர், தாம் வாள் கட்டிக்கொண்ட செலவைக் குடிகள் தலையில் ஏற்றினார். விஜய் சிங் பதிக், மாணிக்யலால் வர்மா போன்றோர் தலைமையில் பிஜோலியா மக்கள் 1941 வரை போராட வேண்டியிருந்தது.

யார் வீட்டுக் கல்யாணமும் சிறப்பாக நடக்கட்டும்; நமக்குப் பொறாமையில்லை. அந்தப் படங்களைக் கைபேசியில் பார்த்து, நம் வீடுகளிலும் மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கிப் பந்தலை உயர்த்துகிறார்களே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய விழாக்களில் பரிமாறுகிற, சுமக்கிற தொழிலாளிக்கு அந்தக்காலத்து அரண்மனைச் சேவகன்போல் தலைப்பாகை கட்டிவிடுகிறார்கள். கும்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்க வைக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் பிடித்து வந்த தினக்கூலிகளும் அவர்களில் இருப்பார்கள். ஓட்டலைத் தேர்ந்தெடுக்க வரும் மணவீட்டார் மாடத்தைப் பார்க்கிறார்கள், ஏரியைப் பார்க்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்குக் கூலி எவ்வளவு, மிகைநேரப்படி உண்டா, இரவு எங்கே படுப்பான் என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் கேட்கட்டும்.