யந்திரம் நின்றால் வேலையும் நிற்பதா?

காவிரிப் பிரதேசத்து விவசாயிக்கு முன்யோசனையைப் பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீர் வருமுன் வாய்க்காலைத் தூர் வாருவதும், ஐப்பசி மழைக்கு முன் கரையைப் பலப்படுத்துவதும் அவன் பரம்பரை வழக்கம். அவனுடைய நெல்லுக்கும் பணத்துக்கும் கணக்கு வைத்திருக்கும் ஸ்தாபனங்களுக்கு அந்த முன்யோசனை உண்டா என்பதே நமது கேள்வி.

2018-ம் வருஷம் பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட ஸிடி யூனியன் பாங்கியின் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் புகுந்தனர். அயல்நாட்டுக்குப் பணம் அனுப்பும் 'ஸ்விஃப்ட்' ஏற்பாட்டின் வழியே, சுமார் 20 லட்சம் டாலருக்கு மூன்று போலி உத்தரவுகளை அனுப்பினர். அத்தாட்சிகளை அச்சிடும் யந்திரத்தை அதற்கு முன்பே முடக்கிவிட்டனர். 7-ந் தேதி கணக்கை ஒத்துப் பார்த்தபோதே மோசம் வெளிப்பட்டது. பாங்கியே இதனைப் பகிரங்கப்படுத்தியது பாராட்டத்தக்கது. ஓர் அச்சு யந்திரம் ஓய்ந்தாலும் அதனை அற்பக் கோளாறென்று கருதலாகாது என்பது இதில் நாம் பெறும் பாடம்.

அவ்வருஷமே நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கருகே கரை கடந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரமில்லாத இடத்தில் கம்ப்யூட்டர் வெறும் பெட்டியேயாகும்.

2024-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி வேறொரு விதமான புயல் வீசியது. ஸி-எட்ஜ் என்ற ஒரே கம்பெனியின் யந்திரங்களைத் தீயோர் தாக்கவே, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதன் தொடர்பைத் துண்டித்தது. அதை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராம பாங்கிகளின் பட்டுவாடா மறுநாள் வரை தடைப்பட்டது. முந்நூறு வாய்க்காலுக்கு ஒரே மதகு வைத்தால், மதகு பழுதாகும் நாளில் கதியென்ன?

கம்ப்யூட்டரே வேண்டாமென்பது நம் கட்சியன்று. இடைத்தரகரின்றி நெல்லின் விலை விவசாயியின் கணக்கிலேயே சேர்வது அதனால் வந்த நன்மை. ஆயினும், தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் அறுவடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டலாகாதென்பது பொது விதி. யந்திரம் பழுதென்று குவியலை இரண்டு நாள் மழையில் காக்க வைத்தால், நஷ்டம் யந்திரத்துக்கா, உழுதவனுக்கா?

ஆகையால் நாம் கோருவது பெரிய செலவன்று. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் இருக்கட்டும். யந்திரம் நின்றால் கையால் எழுதிக் கொடுத்துப் பின்னர்ப் பதிவு செய்யச் சட்டபூர்வமான அனுமதி இருக்கட்டும். அன்று முடிவெடுக்கும் உத்தியோகஸ்தர் யாரென்று முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். கணக்கின் பிரதி வெள்ளம் எட்டாத வேற்றூரில் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் யந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, ஒத்திகை பார்க்கட்டும். ஒத்திகை காணாத திட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

விவசாய சங்கங்களும், கூட்டுறவு அங்கத்தினரும் தங்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இக்கேள்வியை எழுப்ப வேண்டும். வெள்ளம் வந்த பின் கரை தேடுவது காவிரி மக்களுக்கு அழகன்று.